நீ எழும்பாத காட்சி

நிரூபன்,

அப்பாவின் கையில் சாப்பாட்டுப் பெட்டியையும் இந்தக் கடுதாசியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். முதலில் சாப்பிடு, பிறகு வாசி. வெறும் வயிற்றோடு வாசித்தால் உனக்குக் கோபம்தான் வரும், அது உன் அப்பாவின் பரம்பரைக் குணம். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு சொல் சொல்வதற்குள் நீ "ஓம் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். குரலைப் பதிவு பண்ணி அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாயாம், உன் சின்னம்மாவின் மகள் சொல்லிச் சிரிக்கிறாள். கடுதாசியை வேகமாக ஓடவிட முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் இதை உன் முகநூல் பக்கத்தில் போடுவாய் என்றும் எனக்குத் தெரியும். போடு, நான் மறுக்கவில்லை. அதற்காகவே எங்கள் கரையைத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறாளே என்று நீ சலிக்காதே.

எனக்குப் பயமாக இருக்கிறது, மோனை. அதை முதலே சொல்லிவிடுகிறேன். நீ கோபித்துக்கொண்டு பட்டணத்துக்கு, ரவுணுக்குப் போய் உன் வீடியோ ஸ்ரூடியோவிலேயே படுத்து எழும்புகிறாய். அம்மா படமெடுக்க விடுகிறாள் இல்லை, பழங்காலத்து ஆள், மூடநம்பிக்கை என்று கூட்டாளிமாரிடம் சொல்லியிருப்பாய். நீ படம் எடுப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. சாமத்திய வீடுகளில் பெரியபிள்ளையான பெண்களை மேகத்துக்குள் நடக்கவிட்டு நீ எடுக்கும் வீடியோக்களை ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டவள் நான். வருகிற வெள்ளிக்கிழமை நீ கரையில் பிணமாகப் படுத்திருக்க, உன் தலைமாட்டில் இருந்து நான் ஒப்பாரி பாட வேண்டும் என்று கேட்டாயே, அதற்குத்தான் மாட்டேன் என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன். ஏன் என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் கோயில் திருவிழாவில் ஆடுகிற தண்டையல் நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்டையல் என்றால் பாய்க்கப்பலின் தலைவன். ஊராரின் சரக்கை நனையாமல் கொண்டுவந்து சேர்ப்பேன் என்று கோயிலில் சத்தியம் பண்ணிவிட்டுக் கடலுக்குப் போகிறான். நடுக்கடலில் புயல் பிடிக்கிறது, பாரத்தைக் குறைக்காவிட்டால் கப்பல் தாழும். சரக்கை எறிந்தால் சத்தியம் போய்விடும். தன் அப்பாவுக்கு அந்தப் பழி வரக்கூடாது என்று, கூடப் போன மகன் தானே கடலில் குதித்துவிடுகிறான். சரக்கு நனையாமல் வருகிறது. மகனின் உடல் எங்கேயோ ஒதுங்கி, அங்குள்ளவர்கள் பாய்த்துணியால் மூடிவிடுகிறார்கள். அந்த வழியால் வருகிற தாய், உள்ளே கிடப்பது யாரென்று தெரியாமல், ஊராரின் பிள்ளைக்கு அழுகிறாள். "ஆர் பெற்ற பிள்ளையோ" என்று இரக்கப்பட்டுத்தான் பாடத் தொடங்குகிறாள். பாதிப் பாட்டில் காற்று துணியை விலக்குகிறது. தான் கட்டிவிட்ட கோயில் நூல் அந்தக் கையில் இருக்கிறது. பிறகு அதே மெட்டில் "நான் பெற்ற பிள்ளையோ" என்று பாட்டு திரும்பும். ஆர்மோனியக்காரர் அந்த இடத்தில் கட்டையை விட்டுக் கையை எடுத்துவிடுவார். மைதானம் முழுக்க அழும்.

அந்தத் தாயாக ஆடுகிறவர் ஐஸ் லொறி ஓட்டுகிற சின்னராசா அண்ணை. வருசம் முழுக்க வளர்த்த மீசையைத் திருவிழாவுக்கு முதல் நாள் வழிப்பார், அவர் மனைவி, "இண்டைக்கு என்ரை மனிசனைக் காணேல்லை, ஆரோ ஒரு அக்கா வந்து நிக்கிறா" என்று பகிடி பண்ணுவா. இந்தப் பங்குனியில் மகன் வேசம் உனக்கு என்று முடிவானதும் அவர்தான் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"தங்கச்சி, அண்டைக்கு நீ மைதானத்துப் பக்கம் வரப்படாது, தெரியும்தானே."

"தெரியும் அண்ணை."

"அடுப்பிலை சோறு கொதிச்சபடி இருக்கட்டும். காட்சி முடிய நான் இவனை நேரை உன்னட்டை அனுப்புவன். அதுக்கிடையிலை ஒருத்தரும் இவன்ரை பேரைச் சொல்ல விடமாட்டன்."

இது எங்கள் கரையில் மட்டும் உள்ள வழக்கம். பிணமாகக் கிடக்கிறவனைப் பெற்றவள் அந்தக் காட்சியைக் காணக்கூடாது. அவள் வீட்டில் விளக்கேற்றி, உலை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். காட்சி முடிந்ததும் அவன் பூசின முகத்தோடேயே ஓடிவந்து, அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிட வேண்டும். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவனுக்குத் திரும்பவும் பெயர். அதன் பிறகே முகம் கழுவி, மேடைக்குப் போய் மற்றவர்களோடு நின்று மங்களம் பாடலாம். செத்தவன் எழும்பி நின்று மங்களம் பாடினால்தான் எங்களுக்கு நாடகம் முடிந்தது. கடலை நம்பிச் சீவிக்கிற சனம் இப்படி ஒரு நாடகத்தை ஆடுவதென்றால், வேறு எந்தத் துணிச்சலில் ஆடுவது? உன்னைப் போலத்தான் நானும் கலியாணம் கட்டி இந்தக் கரைக்கு வந்த புதிதில் சிரித்தேன். நீ பிறந்த பிறகு சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் நாடகம் பின்னேரமே தொடங்கிவிடுகிறது. நான் சொன்னபடி வீட்டில்தான் இருந்தேன். விளக்கு எரிந்தது, சோறு கொதித்தது. மைதானத்து ஒலிபெருக்கிச் சத்தம் காற்றோடு வந்து வந்து போனது. பருப்பைக் கடைந்துகொண்டிருக்கும்போது குசினித் தட்டில் இருந்த போன் கிணுங்கியது. நீ லைவ் போட்டிருக்கிறாய் என்று அது சொன்னது. நீயேதான் கமராவை மேடைக்கு முன் பூட்டிவைத்து, வெளிநாட்டில் இருக்கும் சனமும் பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாய். என் போனுக்கும் அது வரும் என்று நீ யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வேறு என்னவோ என்று ஈரக் கையால் தட்டினேன்.

நீ கிடந்தாய். வாய் கொஞ்சம் திறந்தபடி. காற்று விலக்கினது போலச் சின்னராசா அண்ணை துணியை விலக்குகிறார். சின்ன வயதில் காய்ச்சலில் கிடக்கும்போது உன் கீழ் உதடு ஒரு பக்கமாக ஒதுங்கும், அப்படியே ஒதுங்கியிருந்தது. அது மாவும் பவுடரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். போனை அணைத்திருக்கலாம். கை வரவில்லை. நீ ஓடிவந்து படியில் நிற்கும்போது போன் பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, பார்த்திட்டியளே?" என்றாய். "ஓம்" என்றேன். பேர் சொன்னேன், சோறு தந்தேன். உனக்குச் சிரிப்பு, என் கையிலிருந்து சோறு சிந்தியது. நீ மங்களம் பாடப் போய்விட்டாய்.

அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். பாட்டு நடக்கும் இடத்தை மட்டும் யாரோ வெட்டி எடுத்துவிட்டான். மேடையும் தெரியவில்லை, ஆர்மோனியமும் தெரியவில்லை. உன் முகமும் அந்த அழுகையும்தான். கீரிமலைக் கடலில் மூழ்கின இளைஞன் என்று மேலே எழுதி அனுப்பியிருக்கிறான். பார்க்கிறவர்களும் இரக்கப்பட்டு மற்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் நான் முற்றத்தில் இருந்து மீன் வெட்டுகிறேன். படலையடியில் ஓட்டோ வந்து நிற்கிறது. புத்தூரில் கட்டிக்கொடுத்த என் தங்கை, உன் சின்னம்மா, தலைமயிர் அவிழ்ந்தபடி இறங்கி, "அக்கா, என்ரை அக்கா" என்று மண்ணில் விழுகிறாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுச் சனம். நான் கத்தியைக் கையில் பிடித்தபடி எழும்பினேன். போனை நீட்டினாள். பார்த்தேன். "விசரி, உது நாடகமடி, எங்கடை கோயில் நாடகம்" என்றேன். சொல்லிக்கொண்டே உனக்குப் போன் அடித்தேன். அணைத்திருந்தது.

திரும்ப அடித்தேன். அணைத்திருந்தது.

அந்தப் பின்னேரத்தை நான் எப்படி எழுதுவேன்? அது நாடகம் என்று எனக்குத் தெரியும். என் கண்ணால் பார்த்தது, என் கையால் சோறு தந்தது. ஆனால் காலையில் நீ எங்கே போகிறாய் என்று சொல்லாமல் கமராப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். கடலுக்கு மேல் ட்ரோன் விட்டு எடுக்க வேண்டும் என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நாடகத்தைப் பார்த்து எழுதினது பொய்தான், ஆனால் பொய்யை எழுதினவன் வாய் பலித்துவிட்டதோ என்று ஒரு நினைவு வந்தது. வந்த நினைவு போகவில்லை. நான் காணக்கூடாததைக் கண்டவள் அல்லவா. முற்றத்தில் சனம் கூடக் கூட, எனக்குத் தெரிந்தது எல்லாம் எனக்கே தெரியாமல் போய்விட்டது. சின்னம்மா அழுது அழுது சொன்னாள்: "விடியத்தான் அக்கா வந்தது. நான் வடிவாப் பார்க்கேல்லை. ஆரோ பெத்த பிள்ளை, பாவம் எண்டு எழுதி எல்லாருக்கும் அனுப்பிப்போட்டன். பிறகுதான் அந்தச் சொண்டு ஒரு பக்கமா ஒதுங்கினதைப் பார்த்தன். எங்கடை பிள்ளையை நானே ஊருக்கு அனுப்பிப்போட்டன்."

உன் அப்பா, "நடிப்புத்தானே, இதுக்கேன் கத்துறியள்" என்று கொஞ்ச நேரம் எல்லாரையும் அதட்டினார். பிறகு சட்டையைப் போட்டார், மோட்டார்சைக்கிளை எடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்று நடந்தால் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். திரும்பி வந்தவர் படலைக்குள் வராமல் நின்றபடி சொன்னார்: "பிரேத அறையிலை ஒரு பொடியன் கிடக்கிறான். எங்கடை இல்லை." அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தேன். கையை எடுப்பதற்குள் அந்தப் பொடியனுக்கும் ஒரு தாய் இருப்பாளே என்று வந்தது. அந்த ஒப்பாரியை இத்தனை வருசமாகக் கேட்டு அழுதிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது. விளங்கினதில் சந்தோசம் ஒன்றும் இல்லை.

நீ பொழுதுபடுகிற நேரம் கலியாண வீட்டுப் பலகாரப் பையோடு வந்தாய். மண்டபத்துக்குள் போன் கிணுங்கினால் மணவறையில் நீ பதிவு பண்ணுகிற சத்தம் கெட்டுவிடும் என்று அணைத்து வைத்தாயாம். முற்றத்தில் சனத்தைக் கண்டதும், "ஆர் செத்தது?" என்று கேட்டாய். நீதான் என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் அழுகையோடு சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. சின்னம்மாவைப் பக்கத்தில் இருத்தி, "எப்பிடிச் சின்னம்மா அனுப்பினியள்? முதல் என்ன எழுதினியள்?" என்று துருவித் துருவிக் கேட்டாய். உன் கண் மினுங்கியது. கடலில் மீன் கலங்குவதைக் கண்டால் உன் அப்பாவின் கண்ணும் அப்படித்தான் மினுங்கும். இவன் இதை விடப்போவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

விடவில்லைத்தான். தண்டையல் நாடகத்தை இந்தக் காலத்துக்கு மாற்றி, போனிலே பார்க்கிற படமாக எடுக்கப்போகிறேன் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாய். பாய்க்கப்பலுக்குப் பதில் இயந்திரப் படகு. கரையில் ஒதுங்கின பிள்ளையைத் தாய் நேரில் காண்பதில்லை. போனுக்கு வருகிற வீடியோவில் காண்கிறாள். யாரோ பெற்ற பிள்ளை என்று இரக்கப்பட்டு மற்றவர்களுக்கு அனுப்பிவிடுகிறாள். பிறகு கையில் கட்டின நூலைக் காண்கிறாள். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். உண்மையைச் சொல்கிறேன், கதை நல்லது. பழைய நாடகத்தை எழுதினவர் இன்றைக்கு இருந்தால் அவரும் இப்படித்தான் எழுதியிருப்பார். அடுத்ததாகத்தான் நீ கேட்டாய்: "சின்னராசா மாமா வேண்டாம் அம்மா. கிட்டவாக் கமரா வரேக்கை மீசை வழிச்சது தெரியும். நீங்கள் பாடுங்கோ. உண்மையான தாயின்ரை முகம் வேணும்." கரையில் அலை அடிக்க, பாய்த்துணிக்குள் நீ கிடக்க, நான் பாட வேண்டும். நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு ரவுணுக்குப் போனாய்.

நிரூபன், கடலில் எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. உன் அப்பா படகைத் தள்ளுகிற ஒவ்வொரு நாளும் பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு வேலை இருக்கிறது. காற்றைப் பார்க்கலாம், வாடியில் நிற்கிற மற்றப் படகுக்காரரிடம் விசாரிக்கலாம், கோயிலுக்கு நேர்த்தி வைக்கலாம். போனுக்குள் கிடக்கிற உன்னை நான் என்ன செய்வேன்? மேடையில் செத்தவன் எழும்புவான். எங்கள் வளவுக்குப் பின்னால் இருக்கிற பாக்கியம் அக்காவை நினைத்துப் பார். கடலுக்குப் போன மகன் திரும்பி வரவே இல்லை, உடலும் வரவில்லை. வருசா வருசம் அவ முன் வரிசையில் இருந்து அந்தப் பாட்டுக்கு அழுகிறா. மங்களம் முடிந்ததும் மேடைக்கு ஏறி, மகன் வேசம் போட்டவனின் கன்னம் தடவி நாடியைத் தொட்டு, "எழும்பியிட்டியே ராசா" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவா. இந்த வருசம் உன் நாடியைத் தொட்டா. நீ குனிந்து கொடுத்தாய், அதைக் கேள்விப்பட்டு எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்த வெட்டின வீடியோவில் நீ எழும்புவதே இல்லை. விரலால் தட்டினால் திரும்பவும் கிடக்கிறாய். இப்போதும் யாரோ ஒருத்தரின் போனில் கிடப்பாய். அதை நினைத்தால் சாமம் சாமமாக எனக்கு நித்திரை இல்லை.

ஆனபடியால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாடகத்தை மாற்றாதே என்று சொல்ல மாட்டேன். சனத்துக்கு அழ ஓர் இடம் வேண்டும், இப்போது சனம் போனுக்குள்தான் இருக்கிறது. பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதே என்று மட்டும் உனக்குச் சொல்லிவைக்கிறேன். நீ எடுக்கப்போகிற கதையே அந்தப் பயத்தில் இருந்து வந்ததுதான். வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். பாடுகிறேன். நல்ல சேலை கட்டி வருவேன், வெள்ளைச் சேலை கட்டச் சொல்லிக் கேட்காதே.

ஆனால் நீ படுக்கக்கூடாது. பாய்த்துணியும் வேண்டாம், வேறு ஒரு தாயின் பிள்ளையையும் அதற்குள் கிடத்தாதே. என் கையில் தருகிற போனை அணைத்துத் தா. அதில் என்ன தெரிகிறது என்று பார்க்கிறவர்களுக்குக் காட்டாதே, என் முகத்தை மட்டும் காட்டு. படம் ஓடினால்தான் அழுகை வரும் என்று நினைக்கிறாயா? நான் ஒருமுறை பார்த்துவிட்டேன், அது இந்தச் சென்மத்துக்குக் காணும். நீ கமராவுக்குப் பக்கத்தில், எனக்கு நேரே நில். உன்னைப் பார்த்துக்கொண்டே நான் "ஆர் பெற்ற பிள்ளையோ" என்று பாடுவேன். அடுத்த வரிக்கு வரும்போது என் குரல் உடையும். உடைந்தால் ஓடிவந்து கட்டிப்பிடிக்காதே, உன் வேலையைப் பார். நீ இரண்டு காலில் நிற்கிறாய் என்று என் கண்ணுக்குத் தெரிந்தால் நான் பாட்டை முடித்துவிடுவேன்.

முடிந்ததும் கமராவை நிற்பாட்டாதே. அது ஓடட்டும். நீ நடந்து முன்னால் வா, என் பக்கத்தில் நின்று மங்களம் பாடு. உனக்குச் சுருதி சேராது, பரவாயில்லை. பாக்கியம் அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவேன், அவ உன் நாடியைத் தொடட்டும், அதையும் எடு. பிறகு எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஓடாமல், முதலில் என்னிடம் வந்து ஒரு வாய் சோறு வாங்கு. இதையும் எவனாவது வெட்டுவான் என்று நீ சொல்வாய். வெட்டட்டும். என் அழுகையைத் தனியே எடுத்து ஊரெல்லாம் அனுப்பட்டும். அதில் செத்துக் கிடக்க நீ இருக்க மாட்டாய்.

இவ்வளவும் எழுதியும் பயம் போகவில்லை. போகும் என்று நான் நினைக்கவும் இல்லை. அதனால் இன்னொன்று கேட்கிறேன், இதற்கு மட்டும் மறுப்புச் சொல்லாதே. எந்தக் கலியாண மண்டபத்துக்குள் போனாலும் போனை அணைக்காதே. சத்தத்தைக் குறைத்துச் சட்டைப்பையில் வை. நான் அடித்தால் எடு. கதைக்க நேரம் இல்லாவிட்டால் கதைக்க வேண்டாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். "ஓம் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வை.